கோபுரம் இருந்த பக்கம்

சித்திரத்தில் இருந்த காவலாளி இடது கையால் சல்யூட் அடித்துக்கொண்டிருந்தான். கோடு அதைக் கவனித்தது ஒரு சனிக்கிழமை மத்தியானம். அதற்குப் பிறகு அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை.

கோடு என்பது அண்ணன் வைத்த பெயர். சின்ன வயதில் ஒரு கரித்துண்டு கையில் கிடைத்தால் போதுமாம், கூடத்துச் சுவரில் இந்த மூலையிலிருந்து அந்த மூலைவரை இழுத்துவிட்டுத்தான் ஓய்வாளாம். பெரியவளாகிக் கட்டிட வரைபடம் போடுகிற தொழிலுக்கே அவள் வந்து சேர்ந்ததும் அண்ணன், "நான் வச்ச பேரு வீண்போகல" என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தான். தலையில் நரை எட்டிப் பார்க்கிற வயதிலும் அவள் கோடுதான்.

இந்த வேலையை அவளுக்கு வாங்கிக் கொடுத்ததும் அண்ணன்தான். அவன் கட்டிட காண்ட்ராக்டர். பல்கலைக்கழகத்தின் பழைய தலைமைக் கட்டிடம், அவர்கள் இருவரும் பிறப்பதற்கு முன்னாலேயே தீயில் போன ஒன்று. எஞ்சிய சுவர்களை இடித்துத் தள்ளி, மண் நிரப்பி, புல்வெளியாக்கி வைத்திருந்தார்கள். இப்போது அதே இடத்தில் அதே முகப்போடு புது நூலகம் கட்டப் போகிறார்கள். வரைபடம் எதுவும் மிஞ்சவில்லை. அலுவலகமும் அந்தக் கட்டிடத்துக்குள்ளேயே இருந்ததால் காகிதமெல்லாம் சேர்ந்து எரிந்துவிட்டது. கிடைத்த ஃபோட்டோக்களில் வாசல்படியில் உட்கார்ந்த பேராசிரியர்களும், அவர்கள் தலைக்குப் பின்னால் ஒரு கதவும்தான் தெரிந்தன. முழு முகப்பும் இருந்தது ஒரே ஒரு இடத்தில். செப்புத்தகட்டில் கீறி அச்செடுத்த ஒரு பழைய எச்சிங் சித்திரம். பல்கலைக்கழகத்தில் ஓவியம் கற்றுக்கொடுத்த ஆசிரியர் ஒருவர் எந்தக் காலத்திலோ வரைந்தது. பட்டச் சான்றிதழில், நாள்காட்டியில், பேருந்து பாஸில்கூட அதுதான். ஊரில் அதைப் பார்க்காத கண் கிடையாது.

நீளமான இரண்டு மாடி. வரிசையாக ஜன்னல்கள். நடுவில் வளைவு வாசல், அதன்மேல் பல்கலைக்கழகத்தின் பெயர். பார்ப்பவருக்கு இடது பக்கக் கோடியில் உயரமாக ஒரு கோபுரம். மேல்மாடிக்கும் அதற்கு மேலிருந்த ஒற்றை அறைக்கும் போகிற படிக்கட்டு அந்தக் கோபுரத்துக்குள்தான் ஓடியது.

கோடு அந்தச் சித்திரத்தைப் பெரிதாக்கி அச்செடுத்து, வேலை செய்யும் அறையின் சுவர் முழுக்க ஒட்டி வைத்திருந்தாள். மாதக்கணக்காக அதிலிருந்து அளவு எடுத்து, ஜன்னல் ஜன்னலாகக் கணக்குப் போட்டு, படம் முடித்து, கமிட்டியும் தலையாட்டிவிட்டது. திங்கட்கிழமை தோண்ட வேண்டியதுதான் பாக்கி. சும்மா இருந்த நேரத்தில் கட்டிடத்தை விட்டுவிட்டு அதன் முன்னால் நின்ற மனிதர்களைப் பார்த்தாள். அதுதான் வினையாகப் போனது.

காவலாளி இடது கையால் சல்யூட் அடிக்கிறான். சரி, அவன் பழக்கம் அப்படி இருக்கலாம். படியில் உட்கார்ந்து எழுதுகிற மாணவன் இடது கையால் எழுதுகிறான். அதுவும் இருக்கலாம். மாமரத்தடியில் நின்று யாரையோ அதட்டுகிற வழுக்கைத் தலைக்காரர் நீட்டுகிற விரலும் இடது கை விரல்.

அவள் அண்ணனுக்கு ஃபோன் போட்டாள்.

"அந்தக் காலத்துல எல்லாரும் பீச்சாங்கைக்காரங்களா இருந்திருப்பாங்க" என்றான் அவன். "உனக்கு வேலை முடிஞ்சிடுச்சு கோடு. வேற எதையாவது பாரேன், டிவி பாரு."

அவளால் டிவி பார்க்க முடியவில்லை. எழுந்தாள், உட்கார்ந்தாள், சமையலறைக்குப் போய்த் தண்ணீர் குடித்தாள், குடித்தோமா என்று சந்தேகம் வந்து இன்னொரு முறை குடித்தாள். "தரை தேயுது, ஒரு இடத்துல உக்காரேன்" என்றார் வீட்டுக்காரர் பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல். தூங்கி எழுந்தால் சரியாகிவிடும் என்று பார்த்தாள். ஆகவில்லை.

ஞாயிறு காலை, யாரிடமும் சொல்லாமல் கட்டிட இடத்துக்குப் போனாள். புல்லைச் செதுக்கி, சுண்ணாம்புத் தூளால் அடையாளம் போட்டு வைத்திருந்தார்கள். இடது கோடியில் கோபுரத்துக்கான சதுரம் பளிச்சென்று தெரிந்தது. அவள் போட்ட படம்தான், தரையில். தகரக் கொட்டகையில் காவலுக்கு இருந்தவர் இட்லித் துணி மாதிரி வெளுத்துப்போன ஒரு சட்டையை உதறிக் காயப்போட்டுக்கொண்டிருந்தார். அவருடைய சைக்கிள் கொட்டகைமேல் சாய்ந்து நின்றது.

கோடு அந்தச் சைக்கிளைப் பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு சுற்றி வந்து அந்தப் பக்கம் எட்டிப் பார்த்தாள். மறுபடி இந்தப் பக்கம் வந்தாள்.

"என்னம்மா, சைக்கிள் வேணுமா?" என்றார் காவல்காரர்.

"இல்லங்க. செயின் எந்தப் பக்கம் இருக்குனு பாத்தேன்."

"எல்லா சைக்கிளுக்கும் சோத்துக்கைப் பக்கம்தானம்மா இருக்கும்."

"அதுதான்" என்றாள் அவள். காவல்காரர் அவளைப் பார்த்த பார்வை, பாவம், படித்த பெண் என்பது போல இருந்தது.

வீட்டுக்கு எப்படி வந்தாள் என்று அவளுக்கே தெரியாது. செருப்பைக்கூடக் கழற்றாமல் சுவரில் இருந்த சித்திரத்தின் முன்னால் போய் நின்றாள். வாசல் தூணில் ஒரு சைக்கிள் சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. ஓவியர் பொறுமைசாலி, ஒவ்வொரு கம்பியையும் கீறியிருந்தார். முன்சக்கரம் இடது பக்கம் பார்த்திருந்தது. அப்படியென்றால் நமக்குத் தெரிவது சைக்கிளின் இடது விலா. அதில் செயின் இருக்கக் கூடாது. இருந்தது. பல்சக்கரத்தோடு, பெடலோடு, அழகாக.

கவின்கலைக் கல்லூரியில் இந்த மாதிரி அச்சு வேலை சொல்லிக்கொடுக்கிற ஒருத்தி, கோடுவோடு விடுதியில் ஒரே அறையில் இருந்தவள். அவளைக் கூப்பிட்டாள்.

"இது தெரியாதா உனக்கு?" என்றாள் தோழி. "தகட்டுல கீறி, மையைத் தடவி, காகிதத்தை மேல வச்சு அழுத்துறோம். ரப்பர் ஸ்டாம்ப் மாதிரிதான். தகட்டுல வலது பக்கம் இருக்குறது காகிதத்துல இடது பக்கம் வரும். சிலபேரு முன்னாடியே கண்ணாடில பாத்துத் திருப்பி வரைஞ்சுக்குவாங்க. சிலபேரு இடத்துலயே உக்காந்து பாத்ததை அப்படியே கீறிடுவாங்க. அவங்க படம் எல்லாம் திரும்பித்தான் இருக்கும்."

"ஆனா வாசல்ல பேரு சரியா படிக்க முடியுதே."

"எழுத்தை மட்டும் திருப்பி எழுதியிருப்பாரு. எழுத்து திரும்பி இருந்தா யாரும் கண்டுபிடிச்சிடுவாங்க. கட்டிடத்தை யாரு பாக்கப் போறா?"

கோடு ஃபோனை வைத்தாள். கோபுரம் வலது பக்கம். ஊரே இடது பக்கம் என்று நம்பிக்கொண்டிருக்க, நாளைக் காலை அண்ணன் அங்கே மண்வெட்டியை இறக்கப் போகிறான். அவன் வாங்கிக் கொடுத்த வேலை. கமிட்டி முன்னால் அவன் எழுந்து நின்று, "என் தங்கச்சி போட்டா தப்பே வராது" என்று சொன்னது காதில் ஒலித்தது. பேசாமல் இருந்துவிட்டால் ஒரு ஈ காக்கைக்கும் தெரியப் போவதில்லை. அந்த யோசனை வந்த வேகத்திலேயே, வண்டிச் சாவியை எடுத்துக்கொண்டு அண்ணன் வீட்டுக்குக் கிளம்பினாள்.

அண்ணன் கூடத்தில் தரையில் உட்கார்ந்து காற்றாடியைப் பிரித்துப் போட்டுத் துடைத்துக்கொண்டிருந்தான். அம்மா அவனோடுதான் இருந்தாள். மெத்தையில் துவைத்த துணிகளைக் குவித்து வைத்து மடித்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு முதுகுப் பக்கம், சுவரில், அதே சித்திரம் சட்டம் போட்டு மாட்டியிருந்தது. அப்பா அந்தப் பல்கலைக்கழகத்து அலுவலகத்தில் வேலை பார்த்தவர். ஏதோ பதவி உயர்வின்போது கொடுத்தார்களாம்.

கோடு நின்றபடியே மூச்சு விடாமல் சொல்லி முடித்தாள். சல்யூட், சைக்கிள், தகடு, மை. அண்ணன் முதலில் சிரித்தான். பிறகு கையிலிருந்த இறக்கையைக் கீழே வைத்துவிட்டு எழுந்து போய், சுவரிலிருந்த சித்திரத்தில் மூக்கு ஒட்டுகிற அளவுக்கு நெருங்கிப் பார்த்தான்.

"ஆமா" என்றான். தங்கை பக்கம் திரும்பி, "கழுத்தை அறுத்துட்டியே" என்றான்.

"நான் என்னண்ணா பண்ணுவேன்?"

"முன்னாடியே பாத்திருக்கலாம்ல?"

"நீயும்தான் தினமும் இந்தச் சோபாவுல உக்காந்து பாக்குற."

"நான் கட்டுறவன். படம் போடுறவ நீ."

வழக்கமாக இந்த இடத்தில் அம்மா குறுக்கே வந்து இரண்டு பேரையும் அடக்குவாள். இன்று வரவில்லை. கோடு திரும்பிப் பார்த்தாள். அம்மா ஒரு துண்டை மடித்து, பிரித்து, மறுபடி மடித்துக்கொண்டிருந்தாள்.

"அப்ப வலது பக்கமா இருந்துச்சு?" என்றாள் அம்மா.

"அப்படித்தான் தெரியுதும்மா."

"வெளிய நின்னு பாத்தா? கேட் பக்கத்துல நின்னு பாத்தா, சோத்துக்கைப் பக்கம்?"

"ஆமாம்மா. நீதான் அங்க படிச்சவளாச்சே. எத்தனை தடவை கேட்டேன், ஞாபகம் இல்லனு சொல்லிட்டியே."

அம்மா துண்டை வைத்துவிட்டு எழுந்தாள். சமையலறைக்குள் போனாள். குழாயைத் திறக்கும் சத்தம் கேட்டது, மூடும் சத்தம் கேட்டது. திரும்பி வந்தாள். ஈரக் கையைப் புடவையில் துடைத்தாள். அண்ணனும் தங்கையும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"எனக்கு நல்லா ஞாபகம் இருந்துச்சு" என்றாள் அம்மா. "இந்தப் படம் வீட்டுக்கு வர்ற வரைக்கும்."

பிறகு சொன்னாள். உட்காரவில்லை, நடந்துகொண்டே சொன்னாள்.

அவள் அங்கே சேர்ந்து கொஞ்ச காலம்தான் ஆகியிருந்தது. கூடச் சேர்ந்தவள் ஒருத்தி. வாய் மூடாமல் பேசுவதால் வகுப்பில் அவளுக்கு வாயாடி என்று பெயர். இரண்டு பேரும் ஒட்டிக்கொண்டே திரிவார்கள். கோபுரத்து உச்சியில் இருந்த ஒற்றை அறை எப்போதும் காலியாக இருக்கும். வாயாடி அங்கே போய் உட்கார்ந்து, யாரும் கேட்காத இடத்தில் தனக்குத்தானே பேசிப் பேசிப் பாடம் படிப்பாள். தீப்பிடித்த அன்று அவள் மேலே போயிருந்தாள். அம்மா டீ வாங்கி வரப் போனவள், திரும்பி வந்தபோது முற்றமெல்லாம் புகை. கேட்டருகே தீயணைப்புக்காரர்கள் வந்து இறங்கினார்கள். அதில் ஒருவர், உள்ளே யாராவது இருக்கிறார்களா என்று கத்தினார்.

"நான்தான் சொன்னேன். கோபுரத்து ரூம்ல ஒரு பொண்ணு இருக்கா, சோத்துக்கைப் பக்கம் போங்கனு கையைக் காட்டினேன். அவங்க ஓடினாங்க. என்னைப் பின்னாடி தள்ளிட்டாங்க. அவ வரவே இல்ல."

அண்ணன் சுவரிலிருந்த சித்திரத்தைத் திரும்பிப் பார்த்தான்.

"நான் அதோட படிப்பை விட்டுட்டேன். கல்யாணம் ஆச்சு. நீங்க ரெண்டு பேரும் பொறந்தீங்க. ஒருநாள் உங்கப்பா சிரிச்சுக்கிட்டே இதைக் கொண்டுவந்து மாட்டினாரு. பாக்குறேன், கோபுரம் இந்தப் பக்கம் இருக்கு. அன்னைக்கு இருந்த பதட்டத்துல, நான்தான் பக்கத்தை மாத்திச் சொல்லி அவங்களை அனுப்பிட்டேன்னு..."

"அம்மா" என்றாள் கோடு.

"உங்கப்பாகிட்ட எப்படிச் சொல்றது? ஆசையா மாட்டினாரு. சரினு இருந்துட்டேன்."

கோடு அவளைப் பிடித்து உட்கார வைக்கப் பார்த்தாள். அம்மா கையை விடுவித்துக்கொண்டு, மடித்து வைத்த துணியையெல்லாம் மறுபடி எடுத்துப் பிரித்து மடிக்க ஆரம்பித்தாள். அண்ணன் மெல்ல, "நாளைக்குத் தோண்டிப் பாத்துடலாம்" என்றான். "எப்படியும் தோண்டத்தான் போறோம். எந்தப் பக்கம் முதல்லனு பதிவாளர் எழுதிக் கொடுக்கல."

திங்கட்கிழமை வலது கோடியில் தோண்டினார்கள். கோடு பதிவாளருக்கு விஷயத்தைச் சொல்ல, அவர் அலுவலகத்திலிருந்து இறங்கி, காலில் மண் ஒட்டக் கூடாதே என்று ஒவ்வொரு அடியாகத் தேடி வைத்து வந்து சேர்ந்தார். நல்ல மனிதர்தான், ஆனால் எந்த விஷயமானாலும் முதலில் அது நடக்காமல் இருந்திருக்கலாமே என்று வருத்தப்படுகிறவர். கிளம்புவதற்கு முன்னால் ஓய்வுபெற்றவர்களை ஃபோனில் கேட்டிருப்பார் போலிருக்கிறது. "எல்லாரும் அடிச்சுச் சொல்றாங்கம்மா, இடது பக்கம்தானு. ஒருத்தர் சத்தியமே பண்றாரு."

"அவங்க பாத்தது கட்டிடத்தையா சார், சர்டிபிகேட்டையா?"

கேட்டருகே ஒரு வாடகை வண்டி வந்து நின்றது. அம்மா இறங்கினாள். வர வேண்டாம் என்று எத்தனையோ சொல்லியும் கேட்காமல் வந்திருந்தாள். உள்ளே வராமல் கேட்டுக்குப் பக்கத்திலேயே நின்றுகொண்டாள். வெயில் ஏறியது. கோடு குடையைக் கொண்டுபோய்க் கொடுத்தாள். அம்மா அதை விரிக்காமல் கையிலேயே வைத்திருந்தாள்.

கடப்பாரை ணங்கென்று ஒலித்தது. தோண்டியவர்கள் நிறுத்திவிட்டு ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். மண்ணைக் கையால் தள்ளித் துடைத்தால், கொத்தி அடுக்கிய கருங்கல் வரிசை. ஒரு மூலை தெரிந்தது, அதிலிருந்து திரும்பி இன்னொரு வரிசை. கல்லின்மேல் கரி படிந்து, தேய்த்தால் விரலில் ஒட்டியது. சதுரம் முழுதாக வெளியே வந்தபோது அண்ணன் டேப்பைப் பிடித்து அளந்தான். கோடு கணக்குப் போட்ட அதே கோபுரம், மறு கோடியில்.

"நான் இப்ப என்ன செய்ய?" என்றார் பதிவாளர். "இருக்கிற சான்றிதழையெல்லாம் திரும்ப வாங்க முடியுமா? நாளைக்குக் கட்டி முடிச்சா, இது நம்ம கட்டிடமே இல்லனு சொல்வாங்கம்மா. படத்துல இருக்கிற மாதிரியே கட்டிட்டா என்ன? யாருக்கு நஷ்டம்?"

"நான் கையெழுத்துப் போட மாட்டேன் சார்" என்றாள் கோடு. சொன்ன பிறகுதான் தன் குரல் எவ்வளவு உரக்க வந்தது என்று அவளுக்கே தெரிந்தது.

அண்ணன் நடுவில் வந்தான். அவன் என்ன சொல்லப் போகிறானோ என்று அவளுக்குத் திக்கென்றது. பதிவாளரை இடது கோடிக்குக் கூட்டிப்போய், அங்கிருந்த சதுரத்தைக் காலால் தட்டிக் காட்டினான். "சார், இந்தப் பக்கம் பூரா கொட்டின மண்ணு. நேத்தே சந்தேகமா இருந்துச்சு. அந்தப் பக்கம் கீழ பாறை. கோபுரத்து எடையை நான் கொட்டின மண்ணு மேல ஏத்த மாட்டேன். இடிஞ்சு விழுந்தா நீங்களும் நானும்தான் பதில் சொல்லணும்."

பதிவாளர் முகம் தெளிந்தது. பாறை என்றால் கோப்பில் எழுதலாம். அவர் போன பிறகு அண்ணன் தங்கையிடம், "வரலாறுனு சொன்னா கமிட்டி கூடும். பாறைனு சொன்னா கையெழுத்தாகும்" என்றான்.

"நேத்தே சந்தேகமா இருந்துச்சா உனக்கு?"

"இல்ல. இப்பத்தான்."

அவர்கள் சிரித்துக்கொண்டே அம்மாவைத் தேடிப் போனார்கள். நல்ல செய்தி சொல்லப் போகிற நினைப்பு. அம்மா கேட்டருகிலிருந்து நகர்ந்து குழியோரம் வந்து நின்றிருந்தாள். கற்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பாத்தியாம்மா?" என்றாள் கோடு. "நீ சரியாத்தான் சொல்லியிருக்கே. உன் மேல ஒரு தப்பும் இல்ல."

அம்மா தலையாட்டினாள். "சரியாத்தான் சொல்லியிருக்கேன்" என்றாள். பிறகு மகளை நிமிர்ந்து பார்த்தாள். அந்த முகத்தில் நிம்மதி இல்லை. "அப்ப ஏன்டி அவ வரல?"

இத்தனை வருஷமாக அம்மாவிடம் ஒரு பதில் இருந்தது. கொடுமையான பதில், ஆனால் பதில். அதையும் மகள் பிடுங்கிவிட்டாள்.

அந்த வாரம் அம்மா ஒரு இடத்தில் நிலைகொள்ளவில்லை. சாம்பாரில் இரண்டு முறை உப்பு விழுந்தது. நடந்துவிட்டு வருகிறேன் என்று கிளம்புவாள், தெருமுனையிலிருந்தே திரும்பிவிடுவாள். அண்ணன் பயந்துபோய் டாக்டரிடம் காட்டலாமா என்று கேட்டான். கோடுவும் வரைபடம் முழுவதையும் திருத்தும் வேலையில் மண்டையை உடைத்துக்கொண்டிருந்தாள். படத்தை அப்படியே கம்ப்யூட்டரில் திருப்பிவிட்டால் முடிந்தது என்று பதிவாளர் நினைத்துக்கொண்டிருந்தார். கழிவுநீர்க் குழாய் போகிற பக்கம், மாலை வெயில் விழுகிற பக்கம், வண்டி வருகிற பாதை, எல்லாமே மாறின. ஒரு கோடு போட்டால் அம்மாவின் கேள்வி வந்து நிற்கும். அழித்துவிட்டு மறுபடி போடுவாள்.

வெள்ளிக்கிழமை காலை அம்மா அவள் வாசலில் வந்து நின்றாள். வெளியே போகிற புடவை கட்டியிருந்தாள்.

"வாயாடியோட அக்கா இந்த ஊர்லதான் இருக்காங்க. மார்க்கெட்டுக்குப் பின்னாடி மருந்துக்கடை வச்சிருக்காங்க. என்னைக் கூட்டிட்டுப் போ."

"உனக்குத் தெரியுமா அவங்களை?"

"தெரியும். அந்தத் தெருவுல நான் நடக்கிறதே இல்ல. எதிர்ல வந்தா ரோட்டைக் கடந்து அந்தப் பக்கம் போயிடுவேன்."

குறுகலான கடை. கண்ணாடி அலமாரிகளுக்கு நடுவே, மூக்குக்கண்ணாடியை நெற்றிமேல் ஏற்றிவிட்டுக்கொண்டு, ஒரு மாத்திரை அட்டையைக் கத்தரித்துக்கொண்டிருந்தாள் ஒரு பெரிய அம்மாள். நல்ல உயரம். கண்ணாடியை இறக்கிப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"வா" என்றாள். "ஒரு வழியா இந்தப் பக்கம் வந்துட்டே."

அம்மா கவுன்டர் பக்கம் போனாள். அதற்குள் ஒருவர் இருமல் மருந்து கேட்டு வந்தார். சர்க்கரை போடாத மருந்துதான் வேண்டும் என்றார். அதை எடுத்துக் கொடுத்து, எத்தனை வேளை என்று இரண்டு தரம் சொல்லி அனுப்பும்வரை அம்மா கவுன்டரின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அக்கா, அன்னைக்கு நான்தான் வழி காட்டினேன்" என்றாள் அம்மா, அவர் நகர்ந்ததும். எங்கிருந்து தொடங்குவது என்று யோசித்து யோசித்து வந்தவள், நடுவிலிருந்து தொடங்கிவிட்டாள். "தப்பாக் காட்டிட்டேன்னு நெனச்சேன். இப்பத்தான் தெரிஞ்சுது, சரியாத்தான் காட்டியிருக்கேன். அப்ப ஏன் அவ வரல?"

அக்கா கத்தரியைக் கீழே வைத்தாள்.

"அவங்க நேராத்தான் போனாங்க. எங்கப்பா அப்புறம் தீயணைப்பு ஆபீசுக்கே போய்க் கேட்டாரு. உள்ள மரப்படி. இவங்க கோபுரத்து வாசலுக்குப் போறப்பவே படி விழுந்துடுச்சு. ஏணி போட்டாங்க, எட்டல. அவ்வளவுதான். யார் என்ன சொல்லியிருந்தாலும் அவ்வளவுதான்."

அம்மா ஏதோ சொல்ல வந்தாள். அக்கா கையைக் காட்டி நிறுத்தினாள்.

"நான் ஒண்ணு கேக்கறேன். நீ என்னைப் பாத்தா ரோட்டைக் கடந்து போவியே, எத்தனை வருஷமா. எங்க வீட்டு மேல என்ன கோபம் உனக்கு? அன்னைக்கு அவ அந்தக் கோபுரத்து ரூமுக்குப் போனதுக்குக் காரணம் வீட்டுல நான் போட்ட சண்டை. எப்பப் பாத்தாலும் பேசுற, என்னைப் படிக்க விடமாட்டேங்கிறனு திட்டினேன். இனிமே வீட்டுல படிக்கல போனு போயிட்டா. அவ உன்கிட்ட அதைச் சொல்லியிருப்பா, அதனாலதான் நீ என் முகத்துல முழிக்க மாட்டேங்கிறேனு நெனச்சுட்டு இருக்கேன்."

"சொன்னா" என்றாள் அம்மா. "தினமும் ஒரு சண்டையைச் சொல்லுவா. நீங்க இல்லனா அவளுக்குப் பேச விஷயமே இருந்திருக்காது."

அக்காவின் வாய் கோணியது. அழுகிறாளா சிரிக்கிறாளா என்று கோடுவுக்குப் புரியவில்லை. "அப்படியா சொன்னா?"

"உங்களை மாதிரி நடிச்சும் காட்டுவா. கண்ணாடியை நெத்தியில ஏத்திக்கிட்டு."

"எனக்கு அப்பக் கண்ணாடியே கிடையாதே."

"அப்ப வேற யாரையோ நடிச்சுக் காட்டியிருக்கா" என்றாள் அம்மா. இரண்டு பேரும் சிரித்தார்கள். சிரிப்பின் நடுவிலேயே அம்மாவின் தோள் குலுங்க ஆரம்பித்தது. அக்கா கவுன்டரைச் சுற்றி வெளியே வந்தாள். தலைவலி மாத்திரை கேட்டு வந்த பெண்ணிடம் கோடு, "கொஞ்சம் பொறுங்க, ப்ளீஸ்" என்று சொல்லி வாசலை மறைத்துக்கொண்டு நின்றாள்.

கட்டிடம் எழுந்தது. சாரம் பிரித்த நாளிலேயே ஊரில் பேச்சு கிளம்பிவிட்டது. எல்லாம் சரிதான், ஆனால் ஏதோ இடிக்கிறதே என்றார்கள். சத்தியம் பண்ணிய பெரியவர் பத்திரிகைக்கே எழுதிப் போட்டார். பதிவாளர் கேட்டவரிடமெல்லாம் பாறை, பாறை என்று சொல்லிக் களைத்துப்போனார். அண்ணன் யாரிடமும் விளக்கம் சொல்லவில்லை. தன் தங்கை போட்ட படத்தில் தப்பு வராது என்று மட்டும் சொன்னான்.

திறப்பு விழாவுக்கு அம்மாவும் மருந்துக்கடை அக்காவும் ஒன்றாக வந்தார்கள். பேச்சுகளெல்லாம் முடிந்து, கூட்டம் டீ இருக்கிற பக்கம் சாய்ந்த பிறகு, அக்கா கோபுரத்தைக் காட்டி, "மேல போகலாமா?" என்று கேட்டாள். அம்மா சரி என்றாள். கோடு பின்னால் போனாள்.

இப்போது அது கான்கிரீட் படி. முதல் திருப்பம் வரைக்கும் அம்மா ஏறினாள். அங்கே நின்றுவிட்டாள். ஜன்னலைப் பார்த்தாள், கீழே பார்த்தாள், முந்தானையை இழுத்து இழுத்துச் சரிசெய்தாள். "நீங்க போங்கக்கா, நான் வர்றேன்" என்றாள். அக்கா மேலே போனாள். அவள் காலடிச் சத்தம் சுற்றிச் சுற்றி உயர்ந்து போய்க்கொண்டிருந்தது.

"இறங்கிடலாமாம்மா?" என்றாள் கோடு.

அம்மா இறங்க ஒரு அடி வைத்தாள், எடுத்துக்கொண்டாள். மேலே காலடி நின்றது. ஒரு கதவு திறந்தது.

"ஏய்" என்று அக்காவின் குரல் கோபுரம் முழுக்க எதிரொலித்து வந்தது. "நல்ல காத்து வருது இங்க. அங்க என்ன பண்றே?"

"வர்றேன், வர்றேன்" என்றாள் அம்மா. புடவையைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் கம்பியைப் பற்றி ஏறத் தொடங்கினாள். மூச்சு வாங்கியது. மகள் பிடிக்க வந்தபோது தட்டிவிட்டாள்.